கேட் பாஸ் கேட்காத கணிதம்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வழிநெடுக கேட்டுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நீள, இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், சீருடையில் செக்யூரிட்டி, மேசைமேல் ஒரு பதிவேடு. பெயர், நேரம், யாரைப் பார்க்க வேண்டும், கையெழுத்து. மருந்து, மோட்டார் உதிரிபாகம், ஆயத்த ஆடை, மின்சாதனம் என்று உள்ளே ஏதேதோ உருவாகிறது. எப்படி உருவாகிறது என்பது மட்டும் சாலையில் போகிறவருக்குத் தெரியாது.

பொம்மசந்திராவை அடுத்த ஹெப்பகோடியில் இறங்கினேன். ஆனேக்கல் தாலுகாவில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் ஊர். கண்ணாடிக் கட்டடங்களின் பளபளப்பு வடக்கே சில கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. இங்கே இருப்பவர்கள் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். சந்துக்குச் சந்து பி.ஜி. விடுதிப் பலகை. டீக்கடையில் கன்னடத்துக்கு இணையாகத் தருமபுரித் தமிழ், ஒடியா, பெங்காலி, போஜ்புரி. தட்டு இட்லிக் கடைக்காரர் என்னிடம் கன்னடத்தில் தொடங்கி, என் பதிலின் முதல் சொல்லிலேயே தமிழுக்கு மாறிவிட்டார்.

என் தங்கை மகன் இங்கே ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவன். வேலை வேதியியலாளர்களோடு என்றாலும் கணக்கை விடவில்லை. ஃபோனில் கூப்பிட்டிருந்தான். “மாமா, சேஜை சோர்ஸ்லேர்ந்தே பில்டு பண்ணிப் பாக்கப்போறேன். ராத்திரி பூரா ஓடும்போல. நீங்க வந்தா பேசிட்டே உக்காந்திருக்கலாம்.” கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு சேஜ்மேத் பழக்கம்தான். ஆனால் அதை எப்போதும் கட்டி முடித்த பொதியாகவே இறக்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். கட்டுகிற இடத்தைப் பார்த்ததில்லை.

அவன் அறை இரண்டாவது மாடியில். மூன்று பேர் தங்கும் அறையில் கட்டில் இரண்டுதான், ஏனென்றால் ஒருவர் எப்போதும் நைட் ஷிஃப்ட்டில் இருப்பார். ஜன்னல் திண்டில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப். உபுண்டு லினக்ஸ், 8 ஜி.பி. ராம். மூலக்கோப்புகளை மதியமே இறக்கி வைத்திருந்தான்.

சேஜைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2005-இல் வில்லியம் ஸ்டைன் என்ற அமெரிக்க எண்கோட்பாட்டாளர் தொடங்கிய திட்டம் இது. மேக்மா, மேப்பிள், மேத்தமேட்டிகா, மேட்லேப் ஆகிய நான்கு விலைமிக்க மென்பொருள்களுக்கும் இணையாக, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திறந்து பார்க்கவும் கூடிய ஒன்று வேண்டும் என்பது நோக்கம். எல்லாவற்றையும் புதிதாக எழுத அவர் உட்காரவில்லை. கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தனித்தனியே எழுதி வைத்திருந்த திறமூல நிரல்களைச் சேர்த்து, பைதான் மொழியை மேலே போர்த்தி, ஒன்றோடொன்று பேச வைத்தார். வெறும் பயன்பாட்டுக்கு என்றால் கான்டா, டாக்கர் போன்ற கருவிகளில் சில நிமிடத்தில் நிறுவிவிடலாம். உள்ளே கை வைத்துத் திருத்த வேண்டும் என்றால் மூலத்திலிருந்து கட்டுவதுதான் நேர்வழி. முழு எண் பிரிவினைகளைக் கையாளும் பகுதியில் ஒரு செயல்பாட்டின் விளக்கத்தில் ஓர் எல்லைநிலைக்கு எடுத்துக்காட்டே இல்லை என்று மருமகன் கண்டுபிடித்திருந்தான். அதைச் சேர்க்கத்தான் இத்தனை ஏற்பாடு.

இரவுச் சாப்பாடு முடிந்து டெர்மினலைத் திறந்தான். முதலில் ‘பூட்ஸ்ட்ராப்’. பிறகு ‘கான்ஃபிகர்’. இந்தக் கட்டம் கணினியைச் சோதித்துக்கொண்டே போகும்: சி கம்பைலர் இருக்கிறதா, ஃபோர்ட்ரான் இருக்கிறதா, எந்தப் பதிப்பு, போதுமா போதாதா. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் சேஜ் கட்டவே மறுக்கும் என்பதால் முன்னெச்சரிக்கையாக எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்திருந்தான். சோதனை முடிந்ததும், இன்னின்ன பொதிகளை உபுண்டுவிலிருந்தே நிறுவிக்கொண்டால் எனக்கு வேலை மிச்சம் என்று கட்டளையோடு ஒரு பட்டியல் வந்தது. பாதியை நிறுவினான். மீதியை வேண்டுமென்றே விட்டான். “அதெல்லாம் எப்படிக் கட்டுதுன்னு பாக்கணும் மாமா.”

பிறகு ‘மேக்’. கண்டக்டர் நிறுத்தம் நிறுத்தமாகக் கூவுவதுபோல் பொதிகளின் பெயர்கள் திரையில் ஏறத் தொடங்கின. பெயர்கள் எனக்குப் புதிதல்ல. அவை வந்த ஊர்களை அன்றுதான் வரிசையாக நினைத்துப் பார்த்தேன்.

ஜி.எம்.பி. — பெரிய முழு எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் ஆன நூலகம். 1991 முதல் வெளிவருகிறது, முதன்மையாக எழுதியவர் ஸ்வீடன்காரர் டோர்ப்யோர்ன் கிரான்லுண்ட். கட்டும்போது உங்கள் சிப் எது என்று பார்த்து, அதற்கென்றே எழுதிய அசெம்பிளித் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்ளும். பாரி — எண்கோட்பாட்டுக்கான பொதி, பிரான்சின் போர்டோவில் ஆன்றி கோஹெனும் தோழர்களும் 1980-களில் தொடங்கியது. கேப் — குலக் கோட்பாட்டுக்கு. 1986-இல் ஜெர்மனியின் ஆகனில் யோவாகிம் நொய்பூசர் தொடங்கினார். சிங்குலர் — பல்லுறுப்புக் கோவைகளுக்கு, கைசர்ஸ்லவுட்டர்னிலிருந்து. மேக்ஸிமா — தொகையீடும் வகையீடும் செய்வது. அதன் மூதாதை, 1960-களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் பிறந்த பழைய இயற்கணித நிரல். அந்த மூதாதையின் ஒரு படியை டெக்சஸில் வில்லியம் ஷெல்டர் 1982 முதல் தனியாளாகக் காத்துவந்தார். 1998-இல் பொது உரிமத்தில் வெளியிட அனுமதி வாங்கினார். 2001-இல் அவர் இறந்த பிறகும் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு கைகள் எடுத்துக்கொண்டதால்.

நள்ளிரவு தாண்டியதும் ஓட்டம் நின்றது. திரையில் சிவப்பாக ஒரு வரி. மருமகன் பதறவில்லை. கட்டுமானம் எங்கே நின்றாலும் அந்தப் பொதியின் பெயரிலேயே ‘லாக்ஸ்’ ஃபோல்டரில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனான். சி++ கம்பைலருக்கு நேராக ‘கில்டு’ என்று இருந்தது. நிரலில் பிழை இல்லை. வேகமாக முடியட்டும் என்று ஒரே நேரத்தில் எட்டு வேலைகளை ஓடவிட்டிருந்தான். சி++ டெம்ப்ளேட்டுகளை விரிக்கும்போது ஒவ்வொரு கம்பைலரும் நினைவகத்தை விழுங்கும். எட்டும் சேர்ந்து 8 ஜி.பி.யைத் தின்று தீர்த்ததும், லினக்ஸ் கெர்னல் அவற்றில் ஒன்றைத் தன் பாட்டுக்குக் கொன்றுவிட்டது. எட்டை இரண்டாகக் குறைத்து மறுபடி ‘மேக்’ கொடுத்தான். ஒவ்வொரு பொதியும் முடிந்ததற்கு ஓர் அடையாளக் கோப்பு பதிவாகியிருப்பதால், கட்டியதை மறுபடி கட்டாமல் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது.

விடியும் முன் நைட் ஷிஃப்ட் முடித்து ஒடிசாக்கார நண்பர் வந்தார். லேப்டாப்பின் விசிறி இரைவதைப் பார்த்து, என்ன ஓடுகிறது என்று இந்தியில் கேட்டார். கணக்கு போடும் மென்பொருளைக் கட்டுகிறோம் என்றான் மருமகன். “ரெடிமேடா கிடைக்காதா?” கிடைக்கும் என்றோம். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “அப்போ மெஷினைப் பிரிச்சுப் பாக்குறீங்க” என்று சொல்லிவிட்டு, மருமகன் காலி செய்த கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனார்.

இனி சேஜின் சொந்த நூலகம் கம்பைல் ஆக வேண்டும். சைத்தான் மொழியில் எழுதிய நூற்றுக்கணக்கான கோப்புகள் சி மொழிக்கு மாறி, பிறகு இயந்திர மொழிக்கு மாறும். பைதானின் எளிமையும் சி-யின் வேகமும் ஒன்றாக வேண்டும் என்று சேஜ்காரர்களுக்கு இருந்த தேவையே 2007-இல் பைரெக்ஸ் என்ற மொழியிலிருந்து சைத்தான் பிரிந்து வளர முக்கியக் காரணம். இன்று சேஜின் பெயரையே கேள்விப்படாத எத்தனையோ அறிவியல் மென்பொருள்கள் சைத்தானில் நிற்கின்றன. இரண்டு வேலையாக ஓடினால் நேரமாகும் என்பதால் வெளியே நடந்தோம்.

காலை ஆறு மணி ஹெப்பகோடியை அதன் முழு உருவத்தில் பார்க்கும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கூட்டம் இறங்க ஒரு கூட்டம் ஏறுகிறது. அடையாள அட்டை எல்லோர் கழுத்திலும். தலைக்கு மேலே மெட்ரோ பாலம். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் ஓடும் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தது. இந்த நிலையத்தின் பெயர் ‘பயோகான் ஹெப்பகோடி’. பெயருக்குரிய நிறுவனத்தின் மதில் சாலையோரமே நீள்கிறது. 1978-இல் பெங்களூரில் ஒரு வாடகை ஷெட்டில் நொதி தயாரிப்பில் தொடங்கிய கிரண் மஜும்தார்-ஷாவின் பயோகான், இன்று இன்சுலினும் உயிரியல் ஒப்பு மருந்துகளும் செய்கிறது.

ஒப்பு மருந்து பற்றி மருமகனுக்குத் தொழில்முறையிலேயே தெரியும். சாதாரண மாத்திரையின் மூலக்கூறு சிறியது. வாய்பாடு தெரிந்தால் அச்சு அசலாக அதையே செய்துவிடலாம். உயிரணுக்களில் வளர்த்தெடுக்கும் புரத மருந்து அப்படியல்ல. எந்த உயிரணு, என்ன வெப்பம், என்ன ஊட்டம், எப்படிச் சுத்திகரித்தார்கள் என்பதைப் பொறுத்து மருந்தே மாறும். முதலில் கண்டுபிடித்த நிறுவனம் அந்தச் செய்முறையை வெளியே சொல்லாது. அடுத்தவர் மருந்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து, சோதனைமேல் சோதனை செய்து, ஒப்பானது என்று நிரூபிக்க வேண்டும். “மருந்துல அது நியாயம்னே வெச்சுக்குவோம் மாமா. கணக்குல எப்படி?” என்று கேட்டான்.

கேப்பைத் தொடங்கிய நொய்பூசர் 1990-களில் எழுப்பிய கேள்வியும் இதேதான். குலக் கோட்பாட்டின் சைலோ தேற்றத்தை நூலகத்தில் போய் நிரூபணத்தோடு படிக்கலாம், படித்த பின் ஆயுள் முழுக்கக் காசில்லாமல் பயன்படுத்தலாம். அதே வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு மட்டும் உரிமக் கட்டணமும் கட்டி, உள்ளே பார்க்கவும் தடை என்றால், கணிதத்தின் அடிப்படை வழக்கமே அங்கே முறிகிறது என்பது அவர் வாதம்.

இது வெறும் கொள்கைப் பேச்சல்ல. ஸ்பெயினைச் சேர்ந்த துரான், பெரெஸ், வரோனா என்ற மூன்று கணிதவியலாளர்கள் தங்கள் ஆய்வில் அணிக்கோவைகளைக் கணக்கிட மேத்தமேட்டிகாவை நம்பினார்கள். விடைகள் முரண்பட்டன. தங்கள் தேற்றத்தில்தான் ஓட்டை என்று முதலில் தேடினார்கள். கடைசியில், மிகப் பெரிய முழு எண்கள் கொண்ட 14-க்கு 14 அணி ஒன்றின் அணிக்கோவையை அதே கட்டளையில் மறுபடி கேட்டால் வேறு விடை வருவதைக் கண்டார்கள். 2014-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ‘நோட்டீசஸ்’ இதழில் அதை எழுதினார்கள். பிழை எந்த மென்பொருளிலும் வரும், சேஜிலும் வந்திருக்கிறது. அவர்களால் செய்ய முடியாமல் போனது ஒன்றுதான்: ஏன் தவறுகிறது என்று திறந்து பார்ப்பது. மதிலுக்கு வெளியே நின்று புகார் எழுதிக் கொடுக்கத்தான் முடிந்தது.

பயோகான் அறக்கட்டளை மீட்டெடுத்த ஹெப்பகோடி ஏரிப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு, சித்ரான்னமும் காபியும் முடித்து அறைக்குத் திரும்பியபோது கம்பைல் முடிந்திருக்கவில்லை. முன்மதியம் ஆனது. ‘சேஜ்’ என்று தட்டினான். வரவேற்பு வரி வந்து கர்சர் சிமிட்டியது. “முதல் கணக்கு நீங்க சொல்லுங்க மாமா.”

தமிழ்நாட்டிலிருந்து போனவன் வேறென்ன கேட்பேன்? 200-இன் பிரிவினைகளைக் கேட்டேன். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம். அதுபோல 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? என்டர் தட்டிய கையோடு விடை வந்தது: 3972999029388.

இந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. ராமானுஜனும் ஹார்டியும் கேம்பிரிட்ஜில் பிரிவினை எண்ணுக்கு ஒரு தொடர் கண்டுபிடித்தார்கள். 1918-இல் வெளியான அந்தக் கட்டுரைக்காக மேஜர் மக்மஹோன் 200 வரை கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்தார். தொடரின் எட்டே உறுப்புகளைக் கூட்டியதில் கிடைத்தது 3972999029388.004. உண்மை விடைக்கும் இதற்கும் வித்தியாசம் ஆயிரத்தில் நான்கு. முழு எண்ணாகத் திருத்தினால் மக்மஹோனின் விடையேதான். 1937-இல் ராடமாக்கர் அந்தத் தொடரைத் துல்லியமாக ஒருங்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

விடை இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது? கதவு திறந்திருப்பதால் உள்ளே போனோம். சேஜின் பிரிவினைக் கோப்பு வேலையை ஃப்ளின்ட் என்ற சி நூலகத்திடம் ஒப்படைக்கிறது. ராத்திரி நாங்கள் கட்டியவற்றில் அதுவும் ஒன்று. அந்த ஃபோல்டரில் ஃபிரெட்ரிக் யோஹான்சன் எழுதிய நிரல் இருக்கிறது. முறை ஹார்டி–ராமானுஜன்–ராடமாக்கர் சூத்திரமேதான். எத்தனை உறுப்பு கூட்டினால் பிழை அரைக்கும் கீழே நிற்கும் என்று முதலில் கணக்கிடுகிறது. தொடரில் உள்ளே போகப் போக உறுப்புகள் சிறுத்துக்கொண்டே வருவதால், பின்னால் வருபவற்றைக் குறைந்த இலக்கத் துல்லியத்திலேயே முடித்துவிட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. கடைசியில் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்துகிறது. கும்பகோணத்துக்காரரின் சூத்திரத்தை வகுப்பில் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். அது வேலை செய்யும் இடத்தை வரி வரியாகப் படித்தது அந்த அறையில்தான். 1000-க்குக் கேட்டோம். 32 இலக்கத்தில் விடை வந்தது.

ஃபோல்டர்களைத் துழாவ ஆரம்பித்தால் நிற்க முடிவதில்லை. வரிசைக் கணங்களின் நேரியல் நீட்டிப்புகள் பற்றிய கோப்பில், இதே பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்து அரவிந்த் ஐயர், ஸ்டீவன் க்ளீ, ஆன் ஷில்லிங் மூவரின் மார்க்கோவ் சங்கிலி ஆய்வு மேற்கோளாக நிற்கிறது. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் அம்ரிதான்ஷு பிரசாத் சேஜுக்கு நிரல் எழுதியவர். 2015-இல் வந்த தன் உருவகிப்புக் கோட்பாட்டுப் புத்தகத்தில் சேஜ் பயிற்சிகளையும் வைத்திருக்கிறார். சேஜைக் கான்டாவில் சுலபமாக நிறுவ வழி செய்தவர்களில் ஒருவர் இலங்கை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இசுரு ஃபெர்னாண்டோ. சேஜின் பங்காளியான சிம்பை மென்பொருள் பற்றி 2017-இல் வெளியான கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவரோடு இந்திய மாணவர்கள் பலரின் பெயரும் உண்டு. கூகுளின் கோடைத் திட்டம் வழியாக உள்ளே வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

ஆனாலும் நம் கல்லூரிகளில் இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசப் பொருளாகவே நுழைகின்றன. உரிமக் கட்டணம் மிச்சம், அதோடு சரி. விலையில்லை என்பது இதில் சின்ன லாபம். பெரிய லாபம், எந்தக் கதவிலும் கேட் பாஸ் கேட்க ஆளில்லை என்பது. அந்த லாபம் கைக்கு வர, ஒருமுறையாவது கட்டிப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பகுதி எதன்மேல் நிற்கிறது, எது உடைந்தால் எந்த லாகைப் பார்ப்பது என்று தெரிந்தவனுக்குத்தான் திருத்தும் துணிவு வரும்.

மருமகன் அதைச் செய்து காட்டினான். விடுபட்டிருந்த எடுத்துக்காட்டை விளக்கத்தில் சேர்த்தான். சேஜில் இத்தகைய எடுத்துக்காட்டு வெறும் அலங்காரம் இல்லை. கணினி அதை ஓட்டி, எழுதியிருக்கும் விடையும் வரும் விடையும் ஒன்றா என்று சரிபார்க்கும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் அப்படியொரு சோதனை கட்டாயம். அந்தக் கோப்பைச் சோதனைக்கு விட்டான். எல்லாம் தேறியது என்று கடைசி வரி வந்தது. மாற்றத்தை அனுப்பிவிட்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினான். வேறொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது மூலத்தில் சேரும்.

திரும்பும்போது பொம்மசந்திரா வரை மெட்ரோவில் வந்தேன். பாதை அங்கே முடிகிறது. ஓசூர் வரை சுமார் 23 கிலோமீட்டர் நீட்டும் யோசனை பல காலமாகப் பேச்சில் இருக்கிறது. பெங்களூரு மெட்ரோ மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது, சென்னை மெட்ரோவோ மேல்கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே இதுவும் ஒரு சிக்கல். தனித்தனியே பிறந்த பொதிகளை இணைக்க ராத்திரி முழுக்க அந்த லேப்டாப் பட்ட பாடு எனக்கு நன்றாகப் புரிந்திருந்ததால், பஸ் ஏறியபோது யாரையும் திட்டத் தோன்றவில்லை.

மருமகனுக்கு மறுவாரம் பதில் வந்தது. முகம் தெரியாத ஒருவர், சுழியத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு சேர்க்கச் சொல்லியிருந்தார். சேர்த்தான். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் சேஜ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது. வரும் பருவத்தில் ஒரே ஒரு கணினியில் அதை அழித்துவிட்டு, இறுதியாண்டு மாணவர்களை மூலத்திலிருந்து கட்டச் சொல்லப்போகிறேன். பாதியில் நிற்கத்தான் செய்யும். நிற்கும்போது என்னிடம் வராமல் முதலில் லாகைப் படிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.